சிஸ்டம் சாரின் பதில்

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் ஒரு கேள்வி வந்தது. சரியாக ஒரு நிமிடம் கழித்து அதற்குப் பதிலும் வந்தது. கேட்பது யார், சொல்வது யார் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கேள்வி: இருக்கியா?

பதில்: இருக்கேன்.

இரண்டும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அவள் கம்ப்யூட்டரில் வேறு ஏதாவது கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தாலும், நடுவில் புகுந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். வருவதற்கு முன்னால் மிஷினுக்குள் டிஸ்க் ஒருமுறை கர்ரென்று உறுமும். இதே இரண்டு வரிகள் உள்ளே ‘காவல்’ என்ற ஃபைலிலும் நாள், நேரத்தோடு பதிவாகிக்கொண்டிருந்தன. அவள் அந்த ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துப் பார்த்தாள். அடுத்த கேள்வி வந்தபோது அதே பெயரில் புது ஃபைல் பிறந்தது. மிஷினை அணைத்துவிட்டு மறுநாள் போட்டாள். போட்ட கையோடு கேள்வி வந்தது.

தேடாத இடம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை எல்லாம் பட்டியலிடும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பார்த்தாள். சந்தேகப்படும்படி ஒன்றும் ஓடவில்லை. மிஷின் எழுந்திருக்கும்போது படிக்கும் குறிப்புகளை வரிவரியாகப் பார்த்தாள். அவற்றிலும் இல்லை. குறித்த நேரத்துக்குக் குறித்த வேலையைச் செய்ய, இந்த மிஷினை நடத்தும் யூனிக்ஸில் ‘கிரான்’ என்றொரு வேலைக்காரன் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு பயனருக்கும் அவனிடம் ஓர் அட்டவணை இருக்கும். எல்லாருடைய அட்டவணையையும் திறந்து பார்த்தாள். மிஷினின் அன்றாடக் கூட்டிப்பெருக்கல் வேலைகளையும் ஏதோ கணக்கு வேலைகளையும் தவிர ஒன்றுமில்லை.

“மாப்பிள்ளை இன்னிக்கு என்ன சொல்றாரு?” என்று துணி தேய்க்க வந்த அண்ணி கேட்டாள். மிஷின் இருந்தது அண்ணி துணி தேய்க்கும் மேஜையின் பாதியில். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாத்தனார் பதினேழு கிலோ இரும்புப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, அண்ணிக்கு அது மாப்பிள்ளை.

“இருக்கேங்கறாரு அண்ணி.”

“அது போதும். உங்கண்ணன் அதக்கூடச் சொல்லாம வெளிய போறாரு.”

அவள் வேலை பார்த்தது ஒரு நகல் கடையில். படிக்கிற பிள்ளைகள் அவளை ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். கடைக்கு எதிர்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். பெரிய நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்குகிற யூனிக்ஸ் மிஷின்களைப் பராமரிக்க அங்கே கற்றுக் கொடுத்தார்கள். அங்கே சேர, அவளுடைய எட்டு மாதச் சம்பளம் வேண்டும். ஆனால் அங்கே கொடுக்கிற பாடப் புத்தகங்கள் எல்லாம் நகலெடுக்க அவளிடம்தான் வந்தன. புத்தகத்தை அப்படியே தனக்கொரு பிரதி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அது முதலாளியின் தாள். நகலெடுக்கும்போது கெட்டுப்போகும் தாள்கள் மட்டும் குப்பைக்குப் போகிறவை. கறுத்துப் போனது, கோணலாக விழுந்தது, பாதியில் மாட்டிக்கொண்டு மடங்கியது. அவற்றைத்தான் வரிசைப்படுத்தி, துளை போட்டு, நூலால் கட்டி வைத்திருந்தாள். இரண்டு வருடத்தில் ஒரு புத்தகம் போலவே ஆகிவிட்டது. அவள் படித்த யூனிக்ஸ் முழுவதும் அந்தக் கெட்டுப்போன பக்கங்களில் இருந்து வந்தது. எந்தப் பக்கம் நன்றாக விழுந்ததோ, அது அவளுக்குத் தெரியாது.

படித்ததைச் செய்து பார்க்க மிஷின் வேண்டுமே. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்தாள். எதையும் எடை போட்டே விற்பார் என்பதால் அவருக்குத் தராசுக்காரர் என்று பெயர். “இது வேற மாதிரி கம்ப்யூட்டர்மா, விளையாட்டெல்லாம் ஓடாது,” என்று அவர் நேர்மையாகச் சொல்லித்தான் கொடுத்தார். அதற்குரிய விசைப்பலகையும் திரையும் கிடைக்கவில்லை. அண்ணனின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து இதன் பின்பக்கத் துளையில் செருகி, அதையே திரையாக்கிக்கொண்டாள். கடவுச்சொல் தெரியாது. அதற்கும் ஒரு கறுத்த பக்கத்தில் வழி இருந்தது: மிஷினைக் குறுந்தகட்டிலிருந்து எழுப்பு, கடவுச்சொல் எழுதியிருக்கும் ஃபைலைத் திற, தலைமைப் பயனரின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதை அழி, மறுபடி சாதாரணமாக எழுப்பு. கதவு திறந்துகொண்டது. அன்று அவள் அண்ணியைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அதற்கு இருபது நிமிடம் கழித்துத்தான் முதல் கேள்வி வந்தது.

ஒரு மாதமாக இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. நகல் கடையை மாதக் கடைசியில் மூடப்போவதாக முதலாளி சொன்னார். தராசுக்காரர் கடை வாசலில் வந்து நின்று, “உனக்கு மிஷின் எங்கேர்ந்து வந்துச்சோ, அந்த மூடி ஃபேக்டரியில ஆள் தேடறாங்களாம். போய்ப் பாரேன்,” என்றார்.

பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலை. மேனேஜர் அவளுடைய சான்றிதழ்களைக் கேட்கவில்லை. அவளிடம் இருக்கவும் இல்லை. நூலால் கட்டிய கறுத்த பக்கங்களை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, “வாங்க, ரூமைப் பாருங்க,” என்று எழுந்தார். கட்டடத்தின் கோடியில், ஜன்னல் இல்லாத, குளிரூட்டிய சிறிய அறை. அவளுடைய மிஷினுக்குக் கூடப்பிறந்தது போல ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வாசலோடு நின்றுகொண்டார்.

“போன வருஷம் வரைக்கும் இங்க ஒருத்தர் இருந்தாரு. சிஸ்டம் சார்னு சொல்லுவோம். பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அவருக்கு அப்பப்ப மயக்கம் வரும். தனியா இருக்கற ரூம், விழுந்தாலும் வெளிய தெரியாது. அதனால அவரே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு. மிஷின் இருக்கியான்னு கேக்கும். அவரு இருக்கேன்னு தட்டணும். அடுத்த கேள்வி வர்ற வரைக்கும் தட்டலன்னா கேட்டுல வாட்ச்மேன் பக்கத்துல மணி அடிக்கும்.”

“நல்ல ஏற்பாடுதானே சார்.”

“நல்ல ஏற்பாடுதான்.” மேனேஜர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்தக் குளிரில். “ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் தட்டினா திறக்கல. நாற்காலியிலயே இருந்தாரு. டாக்டர் பாத்துட்டு, உயிர் போயி அஞ்சு மணி நேரம் இருக்கும்னாரு.”

“மணி அடிக்கலையா?”

“அடிக்கல. ஏன்னா பதில் வந்துக்கிட்டே இருந்திருக்கு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம். இருக்கேன், இருக்கேன்னு. இப்பவும் வருது.”

அவர் சொல்லி முடிக்கவும் டிஸ்க் உறுமவும் சரியாக இருந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். இருக்கியா? என்றது. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இருக்கேன்.

“அவருக்கப்புறம் ரெண்டு பேர் வந்தாங்க. முதல் ஆள் ஒரு மாசம் இருந்தான். ரெண்டாவது ஆள் சாப்பிடப் போறேன்னு போனவன் போனவன்தான், டிபன் பாக்ஸ் இன்னும் இங்கதான் இருக்கு.”

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுட முடியாதா சார்?”

“ஆர்டர், ஸ்டோர், சம்பளம், எல்லாம் இதுலதான் ஓடுது. அதை எழுதிக் குடுத்த கம்பெனியே இப்ப இல்ல. கை வச்சா திரும்ப எழுப்ப ஆளில்ல. இதை மட்டும் நிறுத்துங்க. அடுத்த திங்கக்கிழமை வாங்க. நிறுத்திட்டா வேலை உங்களுக்கு, நிறுத்த முடியலன்னா வேற யாரையாவது பாத்துக்கறேன்.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சார், எங்க வீட்டுலயும் இதே கேள்வி வருது,” என்றாள்.

மேனேஜர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவர் நகர்ந்ததைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. தராசுக்காரரிடம் வாங்கியதைச் சொன்னாள். மேனேஜர் மூச்சு விட்டார். அது உபரி மிஷின். சிஸ்டம் சார் மாதம் ஒருமுறை இந்த டிஸ்கை அப்படியே அதில் பிரதி எடுத்து வைப்பாராம். அவர் போன பிறகு இடத்தை அடைக்கிறது என்று ஸ்டோரில் இருந்தவர்கள் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

நகல்தான். அவளுக்கு நகல்களோடு பழக்கம் உண்டு. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்று உறுத்தியது. ஒரு மாதமாக அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னதும் உண்டு, இருக்கேன் சாமி இருக்கேன் என்று.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

“செத்தவரோட பெட்டியையா நான் மாப்பிள்ளைன்னுக்கிட்டு இருந்தேன்?” அண்ணி தேய்ப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். “உன்ன என்ன பண்ணாத் தகும்? ஒரு மாசமா அது மேல உங்கண்ணன் சட்டையை மடிச்சு வக்கிறேன்.”

“அண்ணி, அது வெறும் ப்ரோகிராம்.”

“ப்ரோகிராம்னா யாரு போட்டதுன்னு சொல்லு பாப்போம்.”

அண்ணி பழைய போர்வை ஒன்றை எடுத்து வந்து மிஷினை மூடினாள். மூடினால் சூடாகிவிடும் என்று இவள் எடுத்தாள். மறுபடி அண்ணி மூடினாள். கடைசியில் பின்பக்கம் மட்டும் காற்றுக்கு விட்டு முன்பக்கத்தை மூடுவது என்று சமாதானம் ஆயிற்று. போர்வைக்குள் இருந்து உறுமல் வந்தது. அண்ணி ஒரு நிமிடம் வரை எண்ணினாள், உதடு அசைவது தெரிந்தது. இரண்டாவது உறுமலைக் கேட்டதும் துணியை அள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். பயம் பாட்டுக்கு இருக்கட்டும் என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டாள். யாரோ ஒருவன் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வந்துவிட்டுப் போகிறான். நாம் பார்க்கும்போது இல்லை. அப்படியென்றால் நாம் பார்க்கிற நேரம் தப்பு. வருகிற அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும். அவன் எவ்வளவு வேகமாக வந்து போனாலும் ஒரு நொடியாவது நின்றுதானே எழுத வேண்டும். அதனால் நொடிக்கு நான்கு முறை, ஓடும் வேலைகளின் பட்டியலை எடுத்து ஒரு ஃபைலில் சேர்த்துக்கொண்டே போகும்படி சின்னதாக ஒரு ப்ரோகிராம் எழுதிப் போட்டுவிட்டு, போர்வைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கேள்வி வந்தது, பதில் வந்தது. ஃபைலைத் திறந்து, அந்த நேரத்துக்குப் போனாள்.

இருந்தான். ஒரே ஒரு நொடி இருந்துவிட்டுப் போயிருந்தான். யூனிக்ஸில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு, அதைப் பெற்றவரின் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். அப்பன் பேர் தெரியாத வேலை அங்கே கிடையாது. இவனுடைய அப்பன் எண்ணைப் பார்த்தாள். கிரான்.

ஆனால் கிரானின் அட்டவணைகளில் ஒன்றும் இல்லையே. எதற்கும் இருக்கட்டும் என்று கிரானையே நிறுத்திப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை. கூடத்திலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, “என்னடி, பேச்சையே காணோம்?” என்றாள். அவள் குரலில் நிம்மதி இருந்ததா, குறை இருந்ததா என்று சொல்ல முடியாது. மறுபடி கிரானை எழுப்பினாள். எழுப்பிய அதே நொடியில் கேள்வியும் பதிலும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன, இத்தனை நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தவர் போல.

இதைச் செய்கிற கை கிரானுடையது என்று நிச்சயமாகிவிட்டது. ஆனால் தொழிற்சாலையில் கிரானை நிறுத்த முடியாது. சம்பளக் கணக்கும் ஸ்டோர் கணக்கும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. கையை வெட்டக் கூடாது. அந்தக் கைக்குச் சொன்ன சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நூலால் கட்டிய பக்கங்களை எடுத்தாள். பதினான்காம் பாடம், ‘நேரம் குறித்து வேலை வாங்குதல்’. இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம், கறுப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு, பாதி மடிந்தது. அடுத்து இருநூற்றுப் பதினேழு. நடுவில் நான்கு பக்கம் இல்லை. இரண்டு வருடமாக, எத்தனையோ பிள்ளைகளுக்கு நகலெடுத்தும், அந்த நான்கு பக்கமும் ஒருமுறைகூடக் கெடவில்லை. அடுத்தவர் கையில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மிஷினுக்கே உரிய கையேடு ஒன்று உள்ளே இருக்க வேண்டும். டிஸ்கில் இடமில்லை என்று அதைச் சிஸ்டம் சார் ஏற்றாமல் விட்டிருந்தார்.

மறுநாள் கடையில் காத்திருந்தாள். மதியம் ஒரு மாணவி அதே புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இவள் இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தை நகல் மிஷினின் கண்ணாடியில் கவிழ்த்து, வெளிச்சம் ஓடும்போது மூடியைச் சற்றே தூக்கினாள். ஓரம் கறுத்து வந்தது. இருநூற்றுப் பதினான்கையும் அப்படியே செய்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வேண்டுமென்றே கெடுத்த தாள்கள் அவை இரண்டுதான்.

“என்னக்கா, மிஷின் சரியில்லையா?”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. என் கைதான் சரியில்ல.”

அந்த இரண்டு பக்கமே போதுமாக இருந்தது, எடுத்துப் படித்தபோது அடச்சே என்று ஆகிவிட்டது. கிரானுக்கு இரண்டு விதமாக வேலை சொல்லலாம். தினமும் செய், வாரம்தோறும் செய் என்று அட்டவணை கொடுப்பது ஒன்று. இன்ன நேரத்துக்கு ஒரே ஒரு தடவை செய், செய்துவிட்டு மறந்துவிடு என்று சொல்வது இன்னொன்று. அதற்கு ‘அட்’ என்று ஈரெழுத்துக் கட்டளை. அப்படிச் சொன்ன வேலைகளை எழுதி வைக்கும் சீட்டுகள் அட்டவணைகளோடு இருக்காது. டிஸ்குக்குள்ளேயே பக்கத்து அறை போன்ற வேறோர் இடத்தில் தனியாக இருக்கும். அவள் இத்தனை நாளும் ஒரே அறையைத்தான் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு படி மேலே ஏறிப் பார்த்திருந்தால் அடுத்த கதவு தெரிந்திருக்கும்.

ஒரு தடவைக்கு மேல் எப்படி நடக்கிறது என்பதுதான் சிஸ்டம் சாரின் சாமர்த்தியம். அவருடைய வேலை, கேள்வி கேட்டு முடித்ததும், இருபது நிமிடம் கழித்து என்னை மறுபடி எழுப்பு என்று கிரானிடம் தனக்கே ஒரு புதுச் சீட்டு கொடுத்துவிட்டுச் சாகிறது. ஒவ்வொன்றும் சாகும்போது தன் வாரிசைச் சொல்லிவிட்டுப் போகிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்து அறையைத் திறந்தாள். இரண்டு சீட்டுகள் இருந்தன. முதலாவதைப் படிக்கும்போதுதான் அவள் எதிர்பாராதது ஒன்று கண்ணில் பட்டது. ‘அட்’ வெறும் கட்டளையை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. கட்டளை கொடுத்த கணத்தில் அந்த மனிதர் இருந்த சூழல் முழுவதையும் எழுதிக்கொள்கிறது: எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார், எந்தத் திரையில், எந்த அச்சு இயந்திரத்தைப் பயன்படுத்தினார், எல்லாம். சீட்டு பிறந்து சாகும் ஒவ்வொரு தடவையும் அது அடுத்த சீட்டுக்கு அப்படியே கை மாறுகிறது. கட்டளை தட்டலாம் என்பதற்கு அடையாளமாக மற்றவர்கள் திரையில் டாலர் குறி வரும் இடத்தில் சிஸ்டம் சார் தனக்கென்று ஒரு சொல் வைத்திருந்தார். ‘சொல்லு’. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் மிஷின் அவரிடம் சொல்லு, சொல்லு என்று கேட்டபடி இருந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், அந்த நாற்காலி, அந்தச் சொல்லு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாகப் பிறந்துகொண்டு இருந்தது.

முதல் சீட்டு கேட்டது. இரண்டாவது சீட்டு, ஒரு நிமிடம் கழித்து, ஃபைலின் கடைசி வரி கேள்வியாக இருந்தால் அதற்குக் கீழே ‘இருக்கேன்’ என்று எழுதியது. அவ்வளவுதான். எழுதியவர் இரண்டுக்கும் ஒருவரே.

அவள் முன்பு நகர்த்தி வைத்த பழைய காவல் ஃபைலின் தொடக்கத்துக்குப் போனாள். ஆரம்ப மாதங்களில் பதில் ஒரே மாதிரி வரவில்லை. மூன்று நிமிடத்தில் வந்தது, பதினோரு நிமிடத்தில் வந்தது. ‘இருக்கேன்’, ‘இருக்கேன்பா’, ‘சாப்பிடறேன் இரு’, ‘இன்னிக்கு நல்லா இருக்கேன்’. எழுத்துப் பிழைகள் இருந்தன. பிறகு ஒரு நாள், மத்தியானம், ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த கேள்விக்கு எதிரே, ‘இருக்கேன். அவரை மழையில் ஓட விட்டேன். இனி இல்லை.’ அதற்கு அடுத்த பதிலில் இருந்து எல்லாம் சரியாக ஒரு நிமிடம். பிழை இல்லாமல், கடைசி வரை, ஒரே சொல். மனிதர் எங்கே முடிந்து மிஷின் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம் போல இருந்தது. அன்று அவர் உயிரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் இருந்தார்.

திங்கட்கிழமை காலை அந்த அறையைத் திறந்துவிட்டவர் வாட்ச்மேன். நரைத்த, உயரமான மனிதர். வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“பயமாண்ணே?”

“பயமில்லம்மா. கூச்சம்.” அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மூணு தடவ மணி அடிச்சுது. மூணு தடவயும் ஓடி வந்தேன். ஒரு தடவ தூங்கிப் போயிருந்தாரு, ஒரு தடவ மீட்டிங். மூணாவது தடவ நல்ல மழை. நனைஞ்சுக்கிட்டு வந்து நிக்கறேன், மனுஷன் கக்கூஸ்லேர்ந்து கையைத் தொடச்சுக்கிட்டு வராரு. எனக்கு வந்துச்சே கோவம். சும்மா சும்மா அடிச்சீங்கன்னா நெஜமாவே விழுந்தாலும் வரமாட்டேன்னுட்டேன்.”

அவள் திரையில், மழை என்று எழுதிய அந்த வரியைத் தேடிப் போனாள்.

“அதுக்கப்புறம் மணி அடிக்கவே இல்ல. சாருக்கு உடம்பு தேவலையாயிடுச்சுன்னு நெனச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு.”

மேனேஜர் வந்து சேர்ந்தார். அவள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்: கேட்பது ஒரு ப்ரோகிராம், பதில் சொல்வது இன்னொரு ப்ரோகிராம், இரண்டையும் வைத்தது சிஸ்டம் சாரே.

“ரெண்டாவத எப்ப வச்சாரு?” என்று கேட்டது வாட்ச்மேன்.

“அது இப்ப எதுக்குண்ணே.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார். அவள் சொல்லாமல் விட்டதை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“சரி, ரெண்டையும் தூக்கிடுங்க,” என்றார் மேனேஜர்.

“பதிலை மட்டும் தூக்கறேன் சார். கேள்வி இருக்கட்டும்.”

“திரையில ஒண்ணுமே வரக்கூடாதுன்னுதானே நான் சொன்னேன்? நிறுத்தினாத்தான் வேலைன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க சார். ஆனா இங்க வந்தவங்க பயந்தது கேள்விக்கு இல்ல, பதிலுக்கு. செத்தவரு பேசறாரேன்னு. கேள்வி அவரு நல்லதுக்குப் போட்டது. நாளைலேர்ந்து இந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காரப் போறது நான்.” மேஜையிலிருந்த டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்தினாள். “கேள்வியையும் எடுத்துத்தான் ஆகணும்னா எடுத்துடறேன். அப்புறம் இந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”

மேனேஜர் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மணி அடிச்சா யாரு வரது? தினம் ஒரு தடவ நீங்க டீ குடிக்கப் போயிருப்பீங்க.”

“நான் வருவேன்,” என்றார் வாட்ச்மேன். வாசல்படியைத் தாண்டி அறைக்குள் வந்திருந்தார். “தினம் அடிச்சாலும் வருவேன். மழை பேஞ்சாலும் வருவேன். திட்டிக்கிட்டே வருவேன், அதுக்கு ஒண்ணும் நெனச்சுக்காதம்மா.”

“திட்டுங்கண்ணே.”

மேனேஜர் கையை அசைத்தார், செய்துகொள் என்பது போல.

அவள் செய்தது இதுதான். தலைமைப் பயனராக உள்ளே போனாள். ‘அட்’, ஓர் இடைவெளி, ஒரு கோடு, ‘எல்’ என்று தட்டினாள். காத்திருக்கும் சீட்டுகள் இரண்டின் எண்களும் வந்தன. எது கேள்வி, எது பதில் என்று பக்கத்து அறையில் இரண்டையும் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். ‘அட்’, இடைவெளி, கோடு, ‘ஆர்’, பதிலின் எண். மறுபடி பட்டியல் போட்டாள். ஒரு சீட்டுத்தான் இருந்தது. பதில் எழுதும் ப்ரோகிராமின் பெயரை மாற்றி, அதை யாரும் ஓட்ட முடியாதபடி அனுமதியை எடுத்தாள். கேள்வியைத் தொடவில்லை. பதினொன்று நாற்பதுக்கு, இருக்கியா? என்று வந்தது. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஒன்றும் வரவில்லை. பதினொன்று நாற்பத்து நான்குக்கு அவள் தன் கையால் தட்டினாள்: இருக்கேன்.